இலை அரிகிற கத்தி

மைசூர்,
7-9-1936

அன்புள்ள தங்கை ஜூடித்துக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் உன் அண்ணி பெட்டியும் இங்கே சுகமாயிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை பெர்னார்டும் அங்கே சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. சாமராஜநகர் என்ன கடல் தாண்டியா இருக்கிறது?

இங்கே ஒரு புதுச் செய்தி. எனக்குச் செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. பயப்படாதே, ஒரு கொலை வழக்கில் அசெஸராக உட்காரச் சொல்லித்தான் வந்தது. ஊரில் மதிப்புள்ள இரண்டு மூன்று பேரை ஜட்ஜிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சாட்சியெல்லாம் கேட்டபின் குற்றமுண்டா இல்லையா என்று அபிப்பிராயம் கேட்பார்கள். ஜட்ஜி அதை ஏற்கலாம், தள்ளலாம். ஒரு ஜவுளி வியாபாரி, தாலுகா அதிகாரியாயிருந்து ஓய்வுபெற்ற அமல்தார் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் நான் ஆக மூன்று பேர். வழக்கு விஷயத்தை வெளியே பேசக் கூடாது. நீ வெளியாள் அல்லவே.

நரசீபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில் கூலிவேலை செய்த பெண்பிள்ளை ஒருத்தி, வீட்டுக்காரருடைய தம்பி பசவராஜ் என்பவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டாள். நடந்தது ஜூன் பத்தொன்பதாம் தேதி சாயங்காலம், புழுவுக்கு இலை பறிக்கிற முசுக்கட்டைத் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வருகிற பாதையில். ஒரே குத்து, வயிற்றில். அவள் மறுக்கவில்லை.

எனக்கு இதில் பெரிய சிக்கல் ஒன்றும் தெரியவில்லை. அடுப்படியில் இருக்கிறவரை கத்தி ஒரு சாமான். அதையே எடுத்துக்கொண்டு ஒருத்தி பாதையில் நடந்தால் அது வேறு. உன் அண்ணி இதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். பெண்களுக்கு இளகின மனசு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்
தேவநேசன்


சாமராஜநகர்,
13-9-1936

அன்பு நிறைந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஜூடித் வந்தனம் சொல்லி எழுதுவது.

நாங்கள் இருவரும் சுகம். அவர் சுகமாக ஆபீசுக்குப் போய் வருகிறார். உங்கள் கடிதத்தை அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். உன் அண்ணன் பெரிய மனுஷன் ஆகிவிட்டார் என்றார்.

எழுத்து கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சோறு வடிக்கும்போது வலது கையில் கஞ்சி கொட்டிவிட்டது. சுட்டுவிரல் மடங்கவில்லை. வெண்ணெய் தடவியிருக்கிறேன், ஆறிவிடும். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தி என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது எப்படிப்பட்ட கத்தி? அந்தப் பெண்ணுக்கும் ஒரு பெயர் இருக்குமே, அதையும் எழுதவில்லை. இறந்தவன் பெயரை எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணியின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? இங்கே மழை இல்லை.

உங்கள் தங்கை
ஜூடித்


மைசூர்,
20-9-1936

அன்புள்ள ஜூடித்,

சமாதானம் உண்டாவதாக. உன் கை ஆறிவிட்டதா? வெண்ணெய் வேண்டாம், தேங்காயெண்ணெயில் சுண்ணாம்புத் தெளிவைக் குழைத்துப் போடு என்று அண்ணி சொல்லச் சொன்னாள். அவளுடைய மூட்டு மழைக்காலத்தில் எப்படியோ அப்படி. மற்றபடி சுகம்.

அவள் பெயர் சித்தம்மா. இருபத்துநாலு இருபத்தைந்து வயது. அனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவப் பெண். புருஷன் சித்தையன் வண்டியோட்டி, மாதத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. அவளுக்குக் கன்னடம் அரைகுறை. கோர்ட்டில் அவள் பேசுவதை மொழிபெயர்ப்புக்காரர் கன்னடத்தில் சொல்கிறார், அது இங்கிலீஷில் எழுதப்படுகிறது. மொழிபெயர்ப்புக்காரரை விட்டால் அவள் பேச்சை நேராகப் புரிந்துகொள்கிறவன் அங்கே நான் ஒருவன்தான்.

அதில் ஒரு சங்கதி கவனித்தேன். முதல் நாள் கிராமத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் ‘என் கையில ஆயுதம் இருந்துச்சுங்க’ என்று சொல்லியிருக்கிறாள். இங்கிலீஷில் அது போர் ஆயுதமாகிவிட்டது. சர்க்கார் வக்கீல் அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். நம் வீட்டுக்கு வந்த தச்சன் உளியையும் இழைப்புளியையும் ‘என் ஆயுதம்’ என்றுதான் சொன்னான். ஜட்ஜியிடம் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

கத்தியை மேஜைமேல் வைத்திருந்தார்கள். என் முழங்கை நீளம், அகல அலகு, நுனி மட்டும் சற்றே வளைவு, மரப்பிடி. முசுக்கட்டை இலையைப் புழுவுக்கு அரிந்து போடுகிற கத்தி என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்கிறார். சர்க்கார் வக்கீல் இரண்டு கேள்வி கேட்கிறார். இலையைக் கையால் பறிக்கிறார்கள், வீட்டில் வைத்து அரிகிறார்கள், பின்னே கத்திக்குப் பாதையில் என்ன வேலை? முந்தின நாள் அதைக் கல்லில் தீட்டினாளே, எதற்கு? சண்டை ஒன்று நடக்கும் என்று தெரிந்து எடுத்துப் போனாள் என்பது அவர் வாதம்.

எனக்குப் பட்டுப்புழு பற்றி ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் தேவம்மா என்று ஒரு அம்மாள் புழு வளர்க்கிறாள் என்று முன்பு எழுதினாயே. அவளிடம் விசாரித்து எழுது. தினம் தீட்டுவார்களா? தோட்டத்துக்குக் கத்தி போகுமா? மாதம்மா என்று கூட வேலைசெய்தவள் சாட்சி சொன்னாள். அன்றைக்குப் புழுக்களைக் கூடுகட்டுகிற தட்டியில் விட இன்னும் நாலு நாள் இருந்தது என்றாள். அதனால் ஏதாவது உண்டா என்றும் கேள்.

பிணத்தைப் பரிசோதித்த டாக்டர் ரஜாவில் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் தசரா வந்துவிடும். தீர்ப்பு நவம்பரில்தான் இருக்கும்.

உன் அண்ணன்
தேவநேசன்


சாமராஜநகர்,
4-10-1936

அன்பு நிறைந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் இருவருடைய சுகத்துக்காகவும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். கை ஆறிவிட்டது. தழும்பு மட்டும் இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்காகத் தேவம்மா வீட்டில் மூன்று மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷி, ஆனால் புழுவறைக்குள் போனால் குரல் தணிந்துவிடும். சத்தத்துக்குப் புழு பயப்படுமாம்.

முட்டையிலிருந்து வந்த புழு கடுகைவிடச் சின்னது. அதற்கு இலையை நூல்மாதிரி அரிந்து தூவ வேண்டும். புழு வளர வளர இலையும் பெரிதாக அரிவார்கள். நாளுக்கு நாலைந்து தரம் தீனி. கத்தி மழுங்கியிருந்தால் இலை அறுபடாமல் நசுங்கும். நசுங்கின ஓரம் கறுத்துவிடும், கறுத்த இலைமேல் புழு ஏறாது. ஆகவே தினம் தீட்டுவார்கள், சில வேளை இரண்டு தரம். தேவம்மா தீட்டுகிறதை நானே பார்த்தேன். வீட்டு வெக்கையில் இலை வாடும் என்று சிலபேர் தோட்டத்து நிழலிலேயே அரிந்து, ஈரத்துணி போட்டுக் கூடையில் கொண்டுவருவார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு கத்தி என்றால் அது கூடையோடு போகும், கூடையோடு வரும்.

உங்கள் இரண்டு கேள்விக்கும் இதுதான் பதில். அவள் இன்னும் நிறையச் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதினால் கடிதம் புஸ்தகமாகிவிடும்.

அவர் தசராவுக்கு மைசூர் வருவார் என்று நினைக்கிறேன். ஆபீஸ் சிநேகிதர்களோடு. நான் வரவில்லை.

தங்கை
ஜூடித்


மைசூர்,
26-10-1936

அன்புள்ள ஜூடித்,

கிருபையும் சுகமும் பெருகுவதாக. உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். வக்கீல்கள் இரண்டு நாள் பேசியும் எனக்குத் தெளியாதது உன் ஒரு பக்கத்தில் தெளிந்தது.

தசரா கூட்டம் ஓய்ந்துவிட்டது. ஆயுதபூஜையன்று தெருவில் நடந்து போனேன். அரண்மனையில் வாளுக்கும் துப்பாக்கிக்கும் பூஜை. எதிர்வீட்டில் அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் பூஜை, அதே குங்குமம், அதே சாமந்தி. அடுத்த வீட்டுக் கௌரம்மாவிடம் ‘இதுவும் ஆயுதமா?’ என்று கேட்டேன். ‘சோறு போடுகிறது எல்லாம் ஆயுதந்தான் மேஷ்ட்ரே’ என்றாள். வார்த்தை ஒன்று, பொருள் இரண்டு. இதை வைத்து ஒருத்தியைத் தூக்கில் போடப் பார்க்கிறார்களே என்று இருந்தது.

மாப்பிள்ளை வந்திருந்தார். பகலுணவு இங்கேதான். பெட்டி கோழிக் குழம்பு வைத்தாள். ‘ஜூடித்தை ஏன் கூட்டிவரவில்லை?’ என்று கேட்டாள். ‘காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை’ என்றார். ‘காய்ச்சலோடு தனியாக விட்டா வந்தீர்கள்?’ என்று கேட்டாள். அவர் சிரித்தார். ‘உங்கள் நாத்தனார் பார்க்கத்தான் பூஞ்சை. உள்ளே இரும்பு’ என்றார். நன்றாகச் சாப்பிட்டார், சபைச் செய்திகள் பேசினார். நல்ல மனிதர்தான். பெட்டிக்கு அவர்மேல் ஏனோ ஒட்டவில்லை.

காய்ச்சல் விட்டதா? உடனே எழுது.

உன் அண்ணன்
தேவநேசன்


சாமராஜநகர்,
2-11-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சுகம். அவர் சொன்னால் காய்ச்சல் இருந்திருக்கும்.

அவர் நாலு நாள் கேம்ப் போயிருக்கிறார். இதை நானே போஸ்டாபீசுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறேன்.

சித்தம்மாவிடம் அந்த மனிதன் என்ன செய்தான் என்று கோர்ட்டில் யாராவது கேட்டார்களா? கேட்டால் அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் அவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக்கொள்வார்களா?

இரண்டு வருஷத்துக்கு முன் நான் ஒரு துணிமூட்டையோடு உங்கள் வீட்டுக்கு வந்தேனே, ஞாபகமிருக்கிறதா? நீங்கள் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. வேதத்தில் ஒரு அதிகாரம் வாசித்தீர்கள், ஜெபித்தீர்கள், மறுநாள் ரயிலேற்றிவிட்டீர்கள். கேட்காமல் விட்டதற்கு அன்றைக்கு உங்களுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன். கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

ஜூடித்


மைசூர்,
24-11-1936

அன்புள்ள ஜூடித்,

தேவனுக்கு ஸ்தோத்திரம். வழக்கு முடிந்தது. சித்தம்மா விடுதலை.

நீ கேட்டதற்கு அவளே பதில் சொன்னாள். கடைசி நாள் ஜட்ஜி அவளை விசாரித்தார்.

‘பசவராஜ் உன்னை என்ன செய்தான்?’

‘கையப் புடிச்சாருங்க.’

‘அதற்கு முன்பும் பிடித்ததுண்டா?’

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடி கேட்டதும், ‘மூணு தரமுங்க. ரெண்டு தரம் உட்டுட்டாருங்க’ என்றாள். மூன்றாம் தரம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஜவுளி வியாபாரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஜட்ஜி, ‘கத்தியை எதற்காகக் கையில் வைத்திருந்தாய்?’ என்றார்.

‘எலைக்குத்தானுங்க.’ அது மொழிபெயர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு மிகவும் தணிந்த குரலில், ‘அந்தத் தடத்துலதானே வந்தாகணுமுங்க’ என்றாள். அது மொழிபெயர்ப்புக்காரர் காதில் விழவில்லை. நான்தான் கிட்டே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அபிப்பிராயம் கேட்டபோது அமல்தார் குற்றவாளி என்றார். தீட்டின கத்தியோடு தெருவில் போகிறவள் நினைத்துத்தான் போகிறாள் என்றார். செப்டம்பரில் நான் உனக்கு எழுதினதையே வேறு வார்த்தையில் சொன்னார். எனக்கு வெட்கமாயிருந்தது. நான் எழுந்து, நீ எழுதின விவரங்களை வரிசையாகச் சொன்னேன். இலை நசுங்கக் கூடாது என்பதையும் தினம் தீட்டுவதையும் கூடையோடு கத்தி போவதையும் விளக்கினேன். ‘இது அவள் தொழில் சாமான். கையில் இருந்தது, கையைப் பிடித்தான், குத்திவிட்டாள். அவள் குற்றவாளி அல்ல’ என்றேன். ஜவுளி வியாபாரி என்னோடு சேர்ந்துகொண்டார். ஜட்ஜி மறுநாள் தீர்ப்புச் சொன்னார். மானத்தைக் காக்க, கையிலிருந்ததைக் கொண்டு செய்தது என்று.

விடுதலை என்று சொன்னதை அவள் நம்பவில்லை. நான் தமிழில் சொன்னேன். ‘அந்தக் கூடையக் குடுப்பாங்களா சாமி? அது மாதம்மாளுதுங்க’ என்றாள்.

ஒரு உயிர் தப்பினதில் உனக்குப் பங்குண்டு. உன் கடைசிக் கடிதத்தில் பழைய விஷயம் எழுதியிருந்தாய். குடும்பம் என்றால் மேடுபள்ளம் உண்டு. இப்போது எல்லாம் சீர்பட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

அண்ணன்
தேவநேசன்


மைசூர்,
13-12-1936

அன்புள்ள ஜூடித்,

நலம், நலமறிய ஆவல். என் போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் நாலாம் பாரத்துப் பையன்களைப் பட்டுப்புழுப் பண்ணை ஒன்றைப் பார்க்க அழைத்துப் போனேன். அங்கே ஒரு அறையில் விரல் பருமன் புழுக்கள் மேல் முழு முழு இலைகளாக, காம்போடு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘இதற்கு அரிய வேண்டாமா?’ என்று கேட்டேன். அங்கே இருந்தவர் சிரித்தார். ‘நாலாம் தடவை தோலுரித்தபின் எதற்கு அரிவது? கூடுகட்டப் போகிற கடைசி வாரம் கத்தியைத் தொடவே மாட்டோம்’ என்றார்.

வீட்டுக்கு வந்து என் குறிப்பு நோட்டைப் பார்த்தேன். புழுக்களைத் தட்டியில் விட நாலு நாள் இருந்தது என்று மாதம்மா சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். உனக்கும் எழுதினேன், அதனால் ஏதாவது உண்டா என்று கேட்கவும் கேட்டேன். நீ மற்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதினாய். இதற்கு எழுதவில்லை.

அப்படியானால் அன்றைக்கு அந்தக் கத்திக்கு இலையில் வேலை இல்லை. நான் தேவன் சாட்சியாக எழுந்து நின்று சொன்னது சரியல்ல. தேவம்மா உனக்குப் பாதிதான் சொன்னாளா? அல்லது நீ எனக்குப் பாதிதான் எழுதினாயா?

உண்மையை எழுது.

தேவநேசன்


சாமராஜநகர்,
18-12-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாயிருக்க வேண்டும். நான் இதைத் தேவம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி எனக்கு எழுதுவதானால் அவள் பேருக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை எல்லாம் அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். நான் எழுதுகிறதையும் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவார்.

தேவம்மா முழுக்கச் சொன்னாள். நான்தான் பாதியை எழுதினேன். கடைசி வாரத்தில் கத்தி எதற்கும் வேண்டாம் என்று அவள் சொன்ன உடனேயே எனக்கு விளங்கிவிட்டது. சித்தம்மா இலைக்காக அதை எடுத்துப் போகவில்லை. பாதைக்காக எடுத்துப் போனாள். குத்துவதற்காக என்று நான் நம்பவில்லை. கையில் அது இருந்தால்தான் அந்த வழியே அவளால் நடக்க முடிந்திருக்கிறது. ஆனால் இதை எழுதினால் நீங்கள் கோர்ட்டில் சொல்வீர்கள். நீங்கள் பொய் பேசாதவர். ஆகையால் எழுதவில்லை.

இது எனக்கு எப்படி விளங்கியது என்று கேட்பீர்கள்.

செப்டம்பரில் என் கையில் கொட்டினது கஞ்சி அல்ல. கொட்டவும் இல்லை. அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. தசராவுக்கு அவர் வந்தபோது எனக்குக் காய்ச்சலும் இல்லை. அன்றைக்கிருந்த முகத்தோடு ஊருக்கு வர முடியாமலிருந்தது.

உங்கள் முதல் கடிதத்தை அவர் வாசித்துக் காட்டினாரே, அந்த வாரத்திலிருந்து நான் கறிகாய் அரிந்து முடித்தபிறகு கத்தியைக் கழுவி எடுத்து வைப்பதில்லை. மணைமேல் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். அதுவரை எனக்கு அப்படித் தோன்றினதில்லை. ஓங்கினதில்லை, ஒன்றும் சொன்னதில்லை. அக்டோபர் கடைசியில் ஒரு நாள் அவர் கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘சோறு போடு’ என்றார். போட்டேன். அன்றிலிருந்து என்னைத் தொடவில்லை.

இதனால் எனக்கு நிம்மதி என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் அவருக்குப் பயம் தெளிந்துவிடும். அன்றைக்கு நான் சித்தம்மா செய்ததைச் செய்துவிடுவேன் என்று எனக்குப் பயமாயிருக்கிறது. எனக்காக எந்த அசெஸர் எழுந்து பேசுவார்? தாலி கட்டினவரைக் குத்தினவளுக்குப் புழுவும் இல்லை, இலையும் இல்லை.

அண்ணா, என்னை வந்து அழைத்துக்கொண்டு போங்கள். இந்தத் தடவை கேளுங்கள், எல்லாம் சொல்கிறேன்.

ஜூடித்


மைசூர்,
22-1-1937

என் அன்புத் தங்கை ஜூடித்துக்கு,

இந்தக் கடிதம் தேவம்மா வீட்டு விலாசத்துக்குத்தான் எழுதுகிறேன். நீ சுகமாயிருக்கிறாயா என்று கேட்கக் கை கூசுகிறது.

முப்பத்தைந்து நாள் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். கிறிஸ்துமஸ் வேலை, பரீட்சைத் தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு நம் சபைப் பாதிரி ஐயரிடம் போனேன். பெயர் சொல்லாமல், இப்படி ஒரு குடும்பத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டேன். பொறுமையும் ஜெபமும் என்றார். எனக்கு அது சௌகரியமாயிருந்தது. ஏப்ரலில் என்னைச் சபை மூப்பராகத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். வீட்டோடு தங்கை வந்துவிட்டால் நாலு பேர் நாலு விதம் பேசுவார்கள் என்று எண்ணினேன். இதை உனக்கு மறைக்கக் கூடாது.

போன வாரம் சட்டையைத் துவைக்க எடுத்த பெட்டி கடிதத்தைப் படித்துவிட்டாள். ‘இதை எத்தனை நாளாக வைத்திருக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அதன்பிறகு எட்டு நாளாக என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நீ பாதி எழுதினாய் என்று உன்னைக் கடிந்துகொண்டேன். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். அந்தத் தடத்தில்தானே வந்தாக வேண்டும் என்று சித்தம்மா சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. நான் எழுந்து அதையும் பதியுங்கள் என்று சொல்லவில்லை. அர்த்தம் புரியாததால் சொல்லவில்லை என்று இருந்தேன். இப்போது யோசித்தால், புரிய வேண்டாம் என்றுதான் இருந்திருக்கிறேன். ஜட்ஜிக்கு எழுத வேண்டுமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டேன். அசெஸரின் வேலை முடிந்துவிட்டது என்றார். என் மனசு முடியவில்லை என்கிறது. ஆனால் இன்று மறுபடி எழுந்து நிற்கச் சொன்னாலும், எல்லாம் தெரிந்துகொண்டே, அவள் குற்றவாளி அல்ல என்றுதான் சொல்வேன்.

வருகிற முப்பதாம் தேதி சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். மாப்பிள்ளையோடு வாக்குவாதம் செய்ய மாட்டேன். உன்னோடு நடந்து ஸ்டேஷனுக்கு வருவேன், அவ்வளவுதான். பெட்டி தெருப்பக்கத்து அறையை ஒழித்து வைத்திருக்கிறாள்.

உன் அண்ணன்
தேவநேசன்


மைசூர்,
27-1-1937

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஜூடித் எழுதுவது.

நான் சுகமாயிருக்கிறேன். இதைச் சொல்வதற்குள் எத்தனை கடிதத்தில் பொய்யாக எழுதிவிட்டேன். இந்தத் தடவை நிஜம்.

மேலே போட்டிருக்கிற ஊர்ப் பெயர் தவறல்ல. உங்கள் கடிதத்தைத் தேவம்மா வேறு உறையில் போட்டு எனக்கு அனுப்பினாள். நான் அந்த வீட்டை விட்டு ஜனவரி ஆறாம் தேதியே வந்துவிட்டேன். அவர் அதை உங்களுக்குத் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. பதினெட்டு நாள் தினமும் தபால்காரன் வருகிற நேரத்துக்குத் தேவம்மா வாசலில் நின்றேன். அதற்குமேல் நிற்கவில்லை. இங்கே பெண்கள் ஆஸ்பத்திரி ஒன்றில், தமிழும் கன்னடமும் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நர்சு வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தேவம்மாவின் மகள் இங்கே பிரசவத்துக்கு வந்துபோனபோது கேள்விப்பட்டது. எழுதினேன். வா என்றார்கள். அவர் ஆபீசில் இருந்த வேளையில் தேவம்மா என் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். வழியில் இரண்டு பேர் எங்கே என்று கேட்டார்கள். ‘இவளை ரயிலேற்றப் போகிறேன்’ என்று சத்தமாகச் சொன்னாள்.

இறங்கின அன்று ஆஸ்பத்திரிக்கு வழி தெரியாமல் உங்கள் தெரு முனைக்கே வந்துவிட்டேன். நீங்கள் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தீர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிட வாயெடுத்தேன். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியவில்லை. நீங்கள் தெருவைத் தாண்டிப் போகிறவரை நின்றிருந்துவிட்டு, ஒரு ஜட்கா வண்டிக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு நடந்தேன்.

மூன்று வாரமாக உங்கள் வீட்டுக்கு ஒரு மைலில் இருக்கிறேன். கோபத்தினால் எழுதாமல் இல்லை. ஒரு மாதமாவது யாரும் என்னை அழைத்துப் போகாமல், யாரும் திருப்பி அனுப்பாமல் இருந்து பார்க்க வேண்டும் என்றிருந்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறோம். படுக்கைத் துணி மாற்றுகிறது, புண் கழுவுகிறது, பால் காய்ச்சுகிறது. அடிபட்டு வருகிற பெண்கள் விழுந்துவிட்டேன் என்றுதான் எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். நான் நோட்டை மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். சிலபேர் சொல்கிறார்கள்.

நீங்கள் சாமராஜநகருக்குப் போக வேண்டாம். அந்த அறையையும் எனக்காக வைத்திருக்க வேண்டாம். அண்ணியிடம் எனக்காக உங்களோடு பேசாமல் இருக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை எங்களைப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்கள். வாசலில் ஒரு அம்மாள் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பாள். ஜூடித் என்று சொல்லுங்கள். மிஸஸ் பெர்னார்ட் என்று கேட்டால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உங்களை அனுப்பிவிடுவாள்.

தங்கை
ஜூடித்